மலைச் சாலையா? கரிசல் சாலையா?

“இக்கரைக்கு அக்கரை பச்சை” என்பது பழமொழி. சைக்கிள் விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பாஞ்சாலங்குறிச்சியில் எங்கு நோக்கினும் சமவெளி. “இங்கே ஓட்டுவதில் என்ன இருக்கிறது? குற்றாலத்து மலையடிவாரத்தில் அல்லவா ஓட்ட வேண்டும்!” என்று ஏங்குவோம்.

சென்ற விடுமுறையில் அந்த ஆசை நிறைவேறியது. ஐந்து சைக்கிள்களை வேனின் மேல் கயிற்றால் கட்டி, பெரியவர்கள் துணையுடன் புறப்பட்டோம். ஐந்தருவிச் சாலையில் ஏறி இறங்கினோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கக் கற்றோம். இன்பமாகத்தான் இருந்தது. வீடு திரும்பியதும் கணக்குப் பார்த்தோம். வேனில் கழிந்தது ஆறு மணி நேரம். சைக்கிள் மிதித்தது ஒன்றரை மணி நேரம்! வாடகையும் பெரியவர்களின் ஓய்வும் கூடி வந்தால்தான் மறுபடி போகலாம்.

காற்றே நம் மலை

நம் ஊரில் மலை இல்லை, காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே பாய்ந்து வருகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று கொள்வோம். எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், நம்மைத் தடுக்கும் காற்றின் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. ஆடி மாதத்தில் மேற்கே மிதித்தால் அது ஏற்றம். திரும்பி வந்தால் இறக்கம்!

மழை பெய்த மறுநாள் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தைச் சுற்ற விடாது. கோடையிலோ நிலம் வெடித்துக் கிடக்கும். இவற்றில் ஓட்டப் பழகுவதும் ஒரு பயிற்சியே.

அம்மாக்களின் கேள்வி

“வழியில் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்?” என்று அம்மாக்கள் கேட்டார்கள். சீமைக் கருவேல முள் நிறைந்த ஊரில் நியாயமான கேள்விதான். எனவே கற்றுக்கொண்டோம். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடமே ஓட்டை. அதைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சற்று உலர்ந்தபின் ஒட்டுத் துண்டை அழுத்த வேண்டும். டயரில் தங்கிய முள்ளை எடுக்க மறந்தால் மீண்டும் பஞ்சர்தான்! இதைச் செய்து காட்டிய பிறகே, சேர்ந்து போக அனுமதி கிடைத்தது. இப்போது 1974இல் எழுந்த கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைச் சுற்றி, வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் வரை போய் வருகிறோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். அவர்கள் ஓட்டியது மலையில் அல்ல. தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் போகும் சொந்த ஊர்ச் சாலைகளில். பிறர் துணைக்குக் காத்திராமல் போய்வர அது வழி செய்தது. மலைச் சைக்கிள் விளையாட்டும் 1970களில் கலிபோர்னியாவில், டமல்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் தங்கள் ஊர் மண்பாதைகளில் பழைய சைக்கிள்களை ஓட்டியதில் வளர்ந்ததே.

தோழியரே, மலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மலைப் பயணம் விருந்து. ஊர்ச் சாலை அன்றாடச் சோறு. விருந்துக்கு யாராவது அழைத்துப் போக வேண்டும். அன்றாடச் சோற்றை நாமே ஆக்கிக்கொள்ளலாம்!