கோட்டூரில் ‘லாக் தெரு’... எந்தப் பூட்டு இது? படகுக்காகக் கட்டின கதவும் தாம்பரம் பக்கத்து வெள்ளமும்!

கோட்டூரில் லாக் தெரு இருக்கு. சேப்பாக்கம் பக்கம் லாக் நகர். பேரைக் கேட்டா ஏதோ பூட்டு செய்யுற இடம் மாதிரி தோணும். ஆனா இந்த ‘லாக்’ வீட்டுப் பூட்டு இல்லை; பக்கிங்ஹாம் கால்வாயில் படகு போறதுக்காகக் கட்டிய கதவுகள்.

1806-ல் பாசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியோடு வந்த மக்களுக்கு வேலை கொடுக்க, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே நிலைத்துவிட்டது. தெற்கே மரக்காணம் வரை விறகும் உப்பும் படகில் போய் வந்தன.

லாக் எதுக்கு?

கால்வாய் வழியில் ஆறுகள் குறுக்கிடும். மழைக்காலத்தில் ஆறு சேற்றோடு பொங்கும், கடல் வற்றினால் மட்டம் இறங்கும். கால்வாயைத் திறந்து விட்டால் ஒன்று சேறு ஏறும், இல்லாட்டி தண்ணி வடிஞ்சு படகு தரை தட்டும். அதனால் ஆறு சேரும் இடத்தில் இரண்டு ஜோடிக் கதவு, நடுவில் தொட்டி மாதிரி ஓர் இடம்.

ஆற்றுப் பக்கக் கதவு வழியா படகு உள்ளே வரும். அதை மூடிட்டு, எதிர்க் கதவில் இருக்கும் சின்ன ஷட்டரைத் தூக்குவாங்க. தொட்டியும் கால்வாயும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கதவு சுலபமா திறக்கும். அதுக்கு முன்னாடி எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது, தண்ணியோட அழுத்தம் அப்படி. மோட்டார், கரண்ட் எதுவும் வேண்டாம்.

ரோடும் ரயிலும் வந்தபிறகு சரக்குப் படகுகள் நின்றன. நகருக்குள் கால்வாயிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கிவிட்டன. 2008-ல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4-ல் சேர்க்கப்பட்டும், தாம்பரத்துக்காரர் படகு ஏறணும்னா இன்னிக்கும் ஈ.சி.ஆர். முட்டுக்காட்டுக்குத்தான் போகணும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-ல் அங்கே படகுத்துறையைத் திறந்தது. துடுப்புப் படகு, மோட்டார் படகு, ஸ்பீடு போட் எல்லாம் உண்டு. லைஃப் ஜாக்கெட் போடாம ஏறாதீங்க.

படகு மட்டுமா?

இல்லை. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா இதே கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுது. கால்வாயில் ஆகாயத்தாமரையும் சேறும் அடைச்சாலோ, முகத்துவாரத்தில் மணல் மேடு கட்டினாலோ தண்ணி வடியுற வேகம் குறையும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை தெருக்களிலும் படகு ஓடியது. மீட்புப் படகு.