மத்தியஸ்தரும் மனத்தாங்கலும்

1981-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மைதானம். இந்தியக் கோஷ்டியின் தலைவர் ஸ்ரீ சுனில் கவாஸ்கர் 70 ரன் எடுத்து ஆடிக்கொண்டிருந்தார். டென்னிஸ் லில்லி போட்ட பந்து அவருடைய கால்காப்பில் பட்டது. லில்லி உரக்கக் கேட்டார். அம்பயர் ரெக்ஸ் வைட்ஹெட் விரலை உயர்த்தினார். கவாஸ்கர் நகரவில்லை. "பந்து முதலில் மட்டையில் அல்லவா பட்டது!" என்று உணர்த்துவது போல, மட்டையால் கால்காப்பைத் தட்டிக் காட்டினார். லில்லியோ அருகே வந்து, பந்து பட்ட இடம் இதுதான் என்று காப்பைச் சுட்டிக் காட்டினார். கவாஸ்கர் புறப்பட்டார். சில அடி சென்றவர் சட்டென்று திரும்பி வந்து, எதிர்முனையில் நின்ற சேதன் சௌகானையும் தம்முடன் அழைத்துக்கொண்டு எல்லையை நோக்கி நடந்தார். அதாவது, ஆட்டத்தையே துறந்து போகத் துணிந்துவிட்டார்.

பொறுமைக்குப் பெயர் போன ஆட்டக்காரர் அவர். உயர்ந்த விரல் மடங்காது என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் ஆட்டக்காரர்கள் மத்தியஸ்தரோடு ஏன் வாதாடுகிறார்கள்?

அம்பயரின் சங்கடத்தை முதலில் பார்ப்போம். எல்.பி.டபிள்யு. என்பது விநோதமான வழக்கு. மட்டையில் படாமல் காலில் தடைப்பட்ட பந்து, தடைப்படாமல் இருந்திருந்தால் ஸ்டம்பில் போய் விழுந்திருக்குமா என்பதே கேள்வி. நடந்த காரியத்துக்குத் தீர்ப்புச் சொல்வதே கடினம். இங்கே நடவாத காரியத்துக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும்! வேகப் பந்து 22 கஜ தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆவதில்லை. அதற்குள் மட்டையின் ஓரத்தை அது உரசியதா இல்லையா என்பதைக் கண்ணும் காதும் கண்டுபிடித்தாக வேண்டும். மட்டை பிடித்தவருக்கோ கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். உரசல் அவர் கைக்கே தெரிந்துவிடுகிறது. ஆகவே தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது; உண்மை பெரும்பாலும் இன்னொருவரிடம் இருக்கிறது.

இதோடு போகவில்லை. பந்து போடும் கோஷ்டியார் கேட்டாலொழிய அம்பயர் எவரையும் "அவுட்" என்று சொல்லக்கூடாது என்பது கிரிக்கெட் சட்டம். ஆகவே பதினோரு பேர் ஆகாயம் கிழியக் கத்திக் கேட்கலாம். அதற்குப் பெயர் உரிமை. தீர்ப்புக்கு ஆளானவர் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால், அதற்குப் பெயர் ஒழுங்கீனம்! பேச இடமில்லாத வழக்காளி மட்டையைப் பார்க்கிறார், கால்காப்பைத் தட்டுகிறார், வானத்தைப் பார்க்கிறார். இவையெல்லாம் சட்டம் கேட்க மறுத்த சாட்சியங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூட மைதானத்தில் அம்பயராக நிற்கும் பாக்கியம் (துர்ப்பாக்கியம் என்றாலும் சரி) எனக்கு உண்டு. "பட்டுது, ஸார்!" என்று கண் கலங்க நிற்கும் பையனிடம், "நீ சொல்வது மெய்யாக இருக்கலாம், தம்பி; எனக்கு அப்படித் தெரியவில்லை, போய் வா" என்றால் போய்விடுகிறான். "வாயை மூடு, போ!" என்று அதட்டிய நாட்களில்தான் மட்டை தரையில் விழுந்து உருண்டிருக்கிறது. இரண்டிலும் தீர்ப்பு ஒன்றுதான்.

கவாஸ்கரின் மனத்தையும் இவ்விதமே அறிகிறோம். அன்றைய செய்கைக்காக அவர் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். ஆனால் தம்மைத் திரும்ப வைத்தது அந்தத் தீர்ப்பு அல்ல. நடக்கத் தொடங்கியபின் முதுகுக்குப் பின்னால் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் வீசிய இழிசொல்தான் என்றும் விளக்கினார். தவறான தீர்ப்பை விழுங்கிக்கொண்டு நடந்த மனிதரால் அவமதிப்பை விழுங்க முடியவில்லை.

அக்காலத்தில் இரண்டு அம்பயர்களும் போட்டி நடக்கும் தேசத்தாராகவே இருப்பார்கள். அந்நிய மண்ணில் ஒரு தவறு நேர்ந்தால், 'இது தவறா, ஓரவஞ்சனையா?' என்ற சந்தேகம் உடனே முளைக்கும். தீர்ப்புக்குத் தலைவணங்குவது ஆங்கிலக் கனவானின் லட்சணம் என்று நமக்கு எத்தனையோ காலம் பாடம் புகட்டினார்கள். 1987-ல் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் இங்கிலாந்துத் தலைவர் மைக் காட்டிங், அம்பயர் ஷகூர் ரானாவோடு விரலை நீட்டிச் சண்டையிட்டதில் ஒரு நாள் ஆட்டமே நின்றுபோயிற்று. பாடம் சொன்னவர்களுக்கும் அயலூரில் அது மறந்துபோகிறது! அதற்கு முந்திய ஆண்டே, லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய பந்தயத்துக்கு நம் நாட்டு வி. கே. ராமஸ்வாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் அம்பயர்களாக அழைக்கப்பட்டிருந்தார்கள். மூன்றாம் தேசத்தார் நடுவில் நிற்கும் வழக்கம் மெல்ல மெல்ல விதியாயிற்று. சென்னையின் ஸ்ரீ எஸ். வெங்கட்ராகவன் இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர். பிற்காலத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்து 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார்.

வாதாடுவோர் எல்லாரும் முரடர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கைத் தமிழர் முத்தையா முரளிதரனை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே முழுதும் நீட்ட முடியாத கை. 1995 டிசம்பர் 26-ந் தேதி, அதே மெல்போர்னில், அவர் பந்தை எறிகிறார் என்று அம்பயர் டாரல் ஹேர் ஏழு முறை 'நோ பால்' கூறினார். 1999-ல் அடிலெய்டில் ராஸ் எமர்சன் அப்படியே கூறியதும், தலைவர் அர்ஜுனா ரணதுங்கா கோஷ்டியை எல்லைவரை அழைத்துச் சென்றுவிட்டார். அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. பிறகு விஞ்ஞானக் கருவிகளால் பலர் கைகளையும் அளந்து பார்த்து, 15 டிகிரி வரை முழங்கை நிமிரலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக விதி செய்தார்கள். முரளிதரன் 800 டெஸ்டு விக்கெட்டுகளோடு 2010-ல் ஓய்வு பெற்றார். ரணதுங்கா அன்று தலைகுனிந்து நின்றிருந்தால்?

2008-ல் இந்தியா இலங்கையில் ஆடியபோது, அம்பயரின் தீர்ப்பைக் கருவிகளைக் கொண்டு மறுபரிசீலனை செய்யும் முறையைப் பரீட்சித்தார்கள். இரு கைகளால் 'டி' எழுத்தைப் போலக் காட்டினால் போதும். மட்டையாளருக்கும் கேட்கும் உரிமை வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதன்பின் பல ஆண்டுகள் அந்த முறையை ஏற்கத் தயங்கியது நம் நாடுதான்! 

வேறொரு பரிசீலனையும் உண்டு. 1980 பிப்ரவரியில், பம்பாயில் இங்கிலாந்தின் பாப் டெய்லர் காட்ச் கொடுத்ததாக அம்பயர் தீர்ப்புச் சொன்னார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்தியத் தலைவர் ஸ்ரீ ஜி. ஆர். விசுவநாத், அவரைத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள், நாம் தோற்றோம். இந்த விசுவநாத், கவாஸ்கரின் சகோதரியை மணந்தவர். அடுத்த ஆண்டு மெல்போர்னிலும் ஆடியவர். முதல் இன்னிங்ஸில் 114 ரன் எடுத்தவர்.

மெல்போர்னில் அன்று எல்லைக் கோட்டருகே காத்திருந்தார் இந்தியக் கோஷ்டியின் மானேஜர் ஷாஹித் துரானி. கவாஸ்கரை உள்ளே போகவிட்டு, சௌகானை மட்டும் மைதானத்துக்குத் திருப்பி அனுப்பினார். கோடு தாண்டியிருந்தால் பந்தயம் பறிபோயிருக்கும். சௌகான் 85-ல் ஆட்டமிழந்தார். 143 ரன் எடுத்தால் வெற்றி என்றிருந்த ஆஸ்திரேலியரை, காலில் காயத்தோடு பந்து போட்ட கபில் தேவ் 28 ரன் கொடுத்து 5 விக்கெட் வீழ்த்திச் சாய்த்தார். அவர்கள் எடுத்தது மொத்தம் 83.