கரையோரம் – 11: உப்பு போன வழி

சித்தூர் நகரத்துக்குள் ஓடும்போது அதன் பெயர் நீவா. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் பொன்னை ஆறு. திருவலத்துப் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் பாலாற்றில் கலந்துவிடும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், மணலில் கையால் தோண்டிய ஊற்றைக் காட்டினார். “இந்தப் பக்கத்துத் தண்ணி குடிக்கலாம் தம்பி. அந்தப் பக்கம் பாலாத்துத் தண்ணி வாயில வச்சா கரிக்கும்.”

அந்தக் கரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தோல் மண்டியில் பார்க்கலாம். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதனால் சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பை அள்ளித் தேய்த்து, மேலே மேலே அடுக்குகிறார்கள். பத்து கிலோ தோலுக்கு மூன்று, நான்கு கிலோ உப்பு பிடிக்கும். ஒரு தோலைப் புரட்டிப் பார்த்தேன். ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு, நடுவே இளஞ்சிவப்பு ஈரம், விரல் பட்ட இடமெல்லாம் நறநறப்பு. டேனரியில் முதல் வேலை இந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவதுதான். பதனிடுதல் தொடங்குவதற்கு முன்பே பெரும்பங்கு உப்பு தண்ணீருக்குள் போய்விடுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கம் நெடுக இதுதான் நடந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இத்தனை காலமும் நாம் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றியே அதிகம் பேசினோம். ஆனால் குரோமியத்தை மருந்து போட்டுப் படியவைத்துப் பிரித்துவிட முடியும். சாக்கடையின் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்பை எந்த உயிரும் தின்பதில்லை. அது படிவதும் இல்லை, மக்குவதும் இல்லை. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்தால் தண்ணீர் பிரியும். உப்போ, யாரும் வாங்காத கலப்பு உப்பாக மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிகிறது.

உப்பின் தொல்லை நமக்கு மட்டுமில்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தி மகன் போன அக்டோபரில் ஒரு வீடியோ அனுப்பினான். நம் ஈழத்து மக்கள் நிறைய வாழும் அந்த ஊருக்கு நடுவே ஹைலண்ட் கிரீக் என்ற ஓடை. முழங்கால் அளவு தண்ணீரில், கை நீளச் சால்மன் மீன்கள் கற்களில் உரசிக்கொண்டு எதிர்நீச்சல் போடுகின்றன. இவை கடலைப் பார்த்ததே இல்லை. ஒன்டாரியோ ஏரிதான் இவற்றுக்குக் கடல். முட்டையிட மட்டும் ஓடைக்கு வருகின்றன. முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கூழாங்கற்களுக்கு அடியில் கிடக்கின்றன. சரியாக அந்த மாதங்களில்தான் பனி உறையாமல் இருக்க ரோடெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன். பனி உருகினால் அது நேரே ஓடைக்குத்தான் போகும்.

சால்மன் பசிபிக் பக்கம் கடலில் வளர்வதுதானே, அதற்கு உப்பு என்ன செய்துவிடும் என்று நானும் முதலில் நினைத்தேன். வளர்ந்த மீனின் செவுள் உப்பை வெளியேற்றப் பழகிக்கொள்ளும். கருவுற்ற முட்டையால் அது முடியாது. முதல் சில மணி நேரத்தில் அது நல்ல தண்ணீரை உறிஞ்சி உப்ப வேண்டும். அந்த நேரத்தில் உப்பு வந்து சேர்ந்தால் முட்டை சரியாக உப்பாது, குஞ்சு ஊனமாகும், அல்லது செத்துப்போகும். ரோட்டு உப்பு சூழலுக்குத் தீங்கானது என்று கனடா அரசே 2001-ல் மதிப்பிட்டது. நீர்வாழ் உயிர்கள் நீண்ட நாள் தாங்கக்கூடிய குளோரைடு லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. நம் குடிநீர்த் தரம் ஏற்கும் அளவு 250. நம் நாக்குக்குப் பிடிபடாத உப்பிலேயே மீன் தத்தளிக்கத் தொடங்கிவிடும்.

நம் பக்கம் பனியும் இல்லை, சால்மனும் இல்லை. ஆனால் உப்பு ஆற்றுக்குப் போவது இங்கும் நடக்கிறது. திருப்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் மாநகர மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 87 ஆயிரம். இந்தியர் ஒருவர் சராசரியாக நாளைக்கு 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார். அந்தக் கணக்கில் தினமும் சுமார் 2,300 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையாக 46 மூட்டை. வந்துபோகும் பக்தர்களை இதில் சேர்க்கவில்லை. சாப்பிட்ட உப்பு உடம்பிலேயே தங்குவதில்லை, சாக்கடைக்குத்தான் வருகிறது. ஊருக்கான தூகிவாக்கம் சுத்திகரிப்பு நிலையம் மலத்தையும் நாற்றத்தையும் நீக்கலாம்; உப்பு அப்படியே கடந்து போகும். பக்கத்து ஸ்வர்ணமுகி ஆற்றில் வெள்ளம் புரண்டால் கடலுக்குப் போய்ச் சேரும். வருடத்தில் பெரும்பகுதி ஆறு மணலாகத்தானே கிடக்கிறது? அப்போது உப்பு நிலத்தடிக்கு இறங்கும்.

உப்பு ஏறிய குட்டையை மீனை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கெண்டையும் அயிரையும் அருகி, 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜிலேபி மீன் மட்டும் கொழுத்துத் திரியும். உப்பைத் தாங்கும் உடம்பு அதற்கு.

கலந்த பிறகு பிரிப்பது இவ்வளவு கஷ்டம் என்றால், கலக்கும் முன்பே தடுப்பதுதான் வழி. தோல் தொழிலில் அதற்கு முதல் படி மிகச் சாதாரணமானது: ஊறவைக்கும் முன் தோலை உதறுவது. மண்டியில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து ஒரு தோலை மரச்சட்டத்தின் மேல் ஓங்கி அடித்தார்கள். உப்பு பொலபொலவென்று கொட்டியது. கூட்டி அள்ளியதை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அதில் மூத்தவர் சுவரோரத்துக் குவியலைக் காட்டினார். மேலே ஒரு தார்ப்பாய், நடுவில் கிழிசல். “மழைக்கு முன்னாடி வேற பாய் போடணும் சார்” என்றார்.