மாமரம் எப்போ கண் விழிக்கும்?

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மாமரத்துல என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. நத்தம் பக்கம் எங்களுக்கு இருக்கும் 20 மரம்தான் என் ஃபீஸ்.

ஆப்பிள் மரம் குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1000 மணி நேரம் இருந்தால்தான் பல ரகங்கள் ஒழுங்காகத் துளிர்க்கும். நம்ம ஊர் மா அப்படியல்ல, பச்சைப் பசேலென்று நின்றபடியே தூங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பூ மொட்டுக்கு வழி பிறக்கும். ஆகவே இலையை விட்டுவிட்டுக் கிளை நுனியைப் பாருங்கள். மொட்டு ஒல்லியாக, கூராக இருந்தால் வரப்போவது இலை. குண்டாகப் பருத்து, மேல் செதில் விலகினால் பூ. வெர்னியர் வேண்டாம், கண்ணே போதும்! செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்ட கிளையில் அந்த சீசனுக்குப் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு மார்கழியில், மரம் காயுதே என்று நான்தான் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினேன். கொஞ்ச நாளில் தோப்பே தளிர்த்துவிட்டது. அப்பா திட்டவில்லை. "காயப் போட்டாத்தாண்டா பூக்கும்" என்றார், அவ்வளவுதான். குத்தகைக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

மொட்டு பருத்ததும் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சாற்றை உறிஞ்சிப் பூவைக் கருக்கிவிடும். தண்ணீர், பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகுதான்.

இந்த வருஷம் தை பிறக்கும் முன்பே மூன்று மரத்தில் மொட்டு பருத்திருக்கிறது. மோட்டார் ரூம் சாவி மட்டும் அப்பாவிடம்தான்.