எலெக்ட்ரானுக்குச் சிறை! பென் டிரைவின் உள்ளே என்ன இருக்கிறது?

கல்யாணப் படம் 500. அத்தனையும் ஒரே பென் டிரைவில்! அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அதற்கு மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. பல மாதம் கழித்து எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினால், மாப்பிள்ளை தாலி கட்டுகிறார்!

இது எப்படி?

பென் டிரைவின் உள்ளே சிலிக்கான் சில்லு ஒன்று இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். அறையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சுவர். அதில் மின்சாரம் பாயாது. சுவரின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி மீட்டரை லட்சம் பங்கு போட்டால், ஏறக்குறைய அதில் ஒரு பங்கு!

கம்ப்யூட்டர் கொடுப்பது 5 வோல்ட். சில்லு அதை உள்ளேயே சுமார் 20 வோல்ட்டாக உயர்த்திக்கொள்கிறது. அப்போது எலெக்ட்ரான் என்னும் மின் துகள்கள், சுவரில் ஓட்டை போடாமலே ஊடுருவி அறைக்குள் புகுந்துவிடுகின்றன. மின்சாரம் நின்றதும் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. அறை நிறைந்திருந்தால் 0. காலியாக இருந்தால் 1. இந்த இரண்டு எண்களில்தான் கல்யாணம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. (இப்போது அரை, கால் என்று அளந்து நிரப்பி, ஓர் அறையிலேயே 3, 4 எண்களை அடைக்கிறார்கள். பேராசைதான்!)

கேக் தின்றபோது...

இந்தச் சிறையை 1967-ல் கண்டுபிடித்தவர்கள் டாவன் காங், சைமன் ஸீ என்ற இருவர். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அடுக்கடுக்கான கேக்கைச் சாப்பிடும்போது யோசனை பிறந்ததாம்!

பல்லாயிரம் அறைகளை ஒரே மூச்சில் காலி செய்யும் வழியை 1980-களில் கண்டவர், ஜப்பானில் தோஷிபா கம்பெனி என்ஜினீயர் புஜியோ மசுவோக்கா. கேமராவின் ‘பிளாஷ்’ வெளிச்சம் போலப் பளிச்சென்று அழிகிறதே என்றார் உடன் வேலை பார்த்தவர். அதுவே பெயராகிவிட்டது.

கைதிகள் தப்புகிறார்கள்

எழுதி அழிக்கும்போதெல்லாம் சுவர் நைந்துபோகிறது. மலிவான வகை சில ஆயிரம் தடவைதான் தாங்கும். சும்மா வைத்திருந்தாலும் எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. சூடு பட்டால் இன்னும் சீக்கிரம்! ஆண்டுகள் பல சென்றால் 0 எது, 1 எது என்று சில்லுக்கே தெரியாது. படம் திறக்காது.

பீரோவில் இருப்பது ஒரே பிரதியா? இன்றே வேறிடத்தில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய பென் டிரைவை அவ்வப்போது சொருகிப் பார்த்தால் மட்டும் போதாது. படங்களை அழித்து மறுபடி எழுதினால்தான் அறைகளில் புது எலெக்ட்ரான்கள் நிரம்பும்.