கோல் போட்டவர் கிளம்பிவிடுகிறார்

குப்பம் ரயில் நிலையத்தில் நிற்பவருக்கு இந்தப் பக்கம் ஒரு கால்பந்து அணி, அந்தப் பக்கம் ஒரு கால்பந்து அணி. மேற்கே போகும் வண்டியில் ஏறினால் பங்காரப்பேட்டை தாண்டி, சுமார் 100 கிலோமீட்டரில் பெங்களூரு. கண்டீரவா மைதானம், பெங்களூரு எஃப்.சி. கிழக்கே போனால் ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாகச் சென்னை. நேரு ஸ்டேடியம், சென்னையின் எஃப்.சி. ஊர் இருப்பது ஆந்திராவில், கடைத்தெருவில் தெலுங்கு, பல வீடுகளில் தமிழ். பக்கத்தில் இருப்பது பெங்களூரு. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கு மனசு சென்னை பக்கம் சாய்ந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அப்படிச் சாய்ந்தவர்களுக்கு 2018 மார்ச் 17 பண்டிகை நாள். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம், அதுவும் கண்டீரவாவிலேயே. 9ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட, மைதானம் அதிர்ந்தது. அப்புறம் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ், இரண்டு கார்னர், இரண்டு தலைமுட்டல். தடுப்பாட்டக்காரர் போட்ட அந்த இரண்டு கோலோடு ரஃபேல் அகஸ்டோவின் ஒன்றும் சேர, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது.

அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்து, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது.

சென்னையின் கதையே இதுதான். 2015 டிசம்பர் 20, கோவா ஃபட்டோர்டா மைதானம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. 90இல் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையால் ஒரு சேம்சைடு கோல்; சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் கொலம்பியாக்காரர் மெண்டோசா இன்னொன்று. பயிற்சியாளர் மார்கோ மாட்டெராஸியின் அணிக்கு முதல் கோப்பை. அந்த சீசனில் மெண்டோசா போட்டது 13 கோல், லீக்கிலேயே அதிகம். ஆனால் அவர் இரவல் ஆள். சொந்த கிளப் பிரேசிலின் கொரிந்தியன்ஸ். மறு ஆண்டு நியூயார்க்குக்கு ஆடப் போனார். சென்னை எட்டு அணிகளில் ஏழாவது.

2019-20இலும் ஏறக்குறைய அதே கதை. அடிமட்டத்தில் கிடந்த அணியை நடுவில் வந்த பயிற்சியாளர் ஓவன் கோயில் இறுதி ஆட்டம் வரை தூக்கிவந்தார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல். சீசன் முடிந்ததும் கோயில் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். கோல் போட ஆளில்லாத சென்னை அடுத்த சீசனில் 20 ஆட்டத்தில் 11 டிரா செய்து எட்டாமிடம் பிடித்தது. அதே வால்ஸ்கிஸை 2022 ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொண்டது தனிக் கூத்து.

2018இல் மட்டும் ஆள் போகவில்லை, கோல்தான் போனது. ஸ்ட்ரைக்கர் ஜெஜே அணியிலேயே இருந்தார். ஆனால் அடுத்த சீசன் லீக் முழுக்க அவர் கணக்கில் ஒரே ஒரு கோல். அவருக்கு மாற்றாக ஒருவரைக் கோடையிலேயே பிடித்திருக்க வேண்டும். ஜனவரியில் வினீத்தையும் நர்சரியையும் கேரளாவிடம் இரவல் வாங்கியபோது வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது.

டிரான்ஸ்ஃபர் விண்டோ என்பது பள்ளிக்கூட அட்மிஷன் மாதிரி. வருடத்தில் இரண்டு முறை கதவு திறக்கும். கோடையில் நெடுநாள், சீசன் நடுவே சில வாரம். அதற்குள் பதிவு முடியாவிட்டால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் பெரும்பாலும் வெளியேதான் உட்கார வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் ஃபிஃபாவின் இணையதளத்தில் இரண்டு கிளப்பும் தனித்தனியே விவரம் போட வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் மேலே நகரும். பிறகு பழைய நாட்டுச் சங்கம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அசல் டி.சி.யேதான்.

நெய்மாருக்கு 2017இல் பாரிஸ் கொடுத்த 22.2 கோடி யூரோ பேச்சையெல்லாம் இங்கே எடுக்க வேண்டாம். இந்தியாவில் பெரும்பாலான மாற்றங்களில் கிளப்புக்குக் கிளப் பணமே கைமாறுவதில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் சும்மாவே கிளம்பிவிடுவார். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடவும் விதி இடம் தருகிறது. அதனால் கோடையில் ஒருவரை இழக்கும் கிளப், உண்மையில் அவரை ஜனவரியிலேயே இழந்திருக்கும்.

இதற்கு விலை கொடுத்த இன்னொரு தமிழ்நாட்டு அணியும் உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி., பெயரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். 2018-19 ஐ-லீக்கில் பெத்ரோ மான்சியின் 21 கோலோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளிப் பட்டம் வென்றது. பிறகு எட்வின் சென்னையினுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருவுக்கு, மான்சி ஜப்பானுக்கு. 2021க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

ஆள் பிடிக்க 2026 கோடை ஏன் முக்கியம் என்றால், அதற்கு முந்தைய கோடை கோடையாகவே இல்லை. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பு இழுபறியாக, ஜூலையிலேயே லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்குச் சம்பளத்தையே நிறுத்தியது. அப்புறம் கூப்பிட்ட டெண்டருக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்று சீசன் தொடங்கியது. 14 அணிகள், ஆளுக்கு 13 ஆட்டம் மட்டும். லீக் நடக்குமா என்றே தெரியாதபோது எந்த ஏஜென்ட் நல்ல ஸ்ட்ரைக்கரைத் தருவார்? தந்தாலும் எந்த கிளப் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடும்?

சென்னையின் 2024-25இல் 13 அணிகளில் பதினொன்றாவது. அதன்பின் வந்த பயிற்சியாளர் கிளிஃபர்ட் மிராண்டா கோவாக்காரர். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர், அதுவும் இறுதியில் பெங்களூருவைத் தோற்கடித்து. இந்திய ஆட்டக்காரர்களை நன்கு அறிந்தவர் கையில் அணி இருப்பது, காசு இறுகியிருக்கும் காலத்தில் லாபம்தான்.

ஆனால் இந்திய ஆட்டக்காரர்களைக் காப்பதிலும் பிடிப்பதிலும் சென்னையின் கை நழுவியிருக்கிறது. 2016இல் பையனாக வந்து கேப்டனாக வளர்ந்த அனிருத் தாப்பா 2023இல் மோகன் பகானுக்குப் போனார். மறு சீசனே அங்கே லீக் ஷீல்டு. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அதே கோடையில் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் போட்டு கொல்கத்தாவின் பாதியைத் தூங்கவிடாமல் செய்தார். அந்தக் கோல் நேரு ஸ்டேடியத்தில் விழுந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் சென்னை ரசிகருக்கு இருக்காதா?

பெங்களூரு பக்கமும் நிம்மதி இல்லை. 2024-25இல் இறுதி ஆட்டம் வரை போன அந்த அணிக்கு அதிக கோல், மொத்தம் 14, போட்டவர் நாற்பதைத் தொட்ட சேத்ரி. அவருக்கு அடுத்து யார் என்பது அங்கே பல கோடைகளாக நிற்கும் கேள்வி. ஆக, ரயில் பாதையின் இரு முனையிலும் ஸ்ட்ரைக்கருக்கு ஆள் தேவை. ஒரே ஆளுக்கு இரண்டு கிளப்பும் போட்டியிட்டால் விலை ஏறும்.

புதுமுகம் ஒருவர் நீல ஜெர்சியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தோடு ஏதாவது ஒரு நாள் அறிவிப்பு வரும். குப்பத்து ரசிகர் படத்தைத் தாண்டி, ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை என்ற வரியைத் தேடட்டும். 2027 என்றிருந்தால் அடுத்த கோடையிலும் இதே தேடல்தான்.