ரிமோட் யார் கையில்?

அசோக் நகர் நூறடிச் சாலைக் கட்டடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டியவர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர். கரண்ட் பில் கட்டுவது எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. ஏசி ரிமோட்டோ, வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஊழியரின் மேஜையில். மே மாதத்திலும் 18 டிகிரியில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசினால் செலவு உரிமையாளருக்கு. குறையும் பில் வாடகைதாரருக்கு. உரிமையாளர் ஏன் பூசுவார்? வாடகைதாரரே செய்யலாமே என்றால், ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்ய வேண்டியவர் அடுத்தவர் மாடிக்கு ஏன் பணம் போடுவார்? சில வளாகங்களில் மைய ஏசிச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து மெயின்டெனன்ஸோடு வாங்கிவிடுகிறார்கள். சிக்கனக்காரரும் ஊதாரியும் ஒரே தொகை கட்டும் ஏற்பாடு!

சட்டம் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-இல் வெளியாகி, 2017-இல் திருத்தப்பட்டது. ஆனால் அது 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கு. சின்னக் கட்டடங்கள் நழுவிவிடும்.

எனக்குப் பிடித்தது வேறொரு விதி. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகளைப் போட்டதும் அவை 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். குறைத்துக்கொள்ளத் தடையில்லை, மனிதர்களின் சோம்பலை நம்பிய விதி அது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள். குளிரூட்டும் மின்சாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கட்டுவது, இருப்பது, பில் கட்டுவது எல்லாம் ஒருவரே என்பதால் அந்தச் சோதனைக்குத் துணிய முடிந்தது.

ஜப்பான் இயந்திரத்தையே தொடவில்லை. 2005 கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னது அரசு. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். மேலதிகாரி கழற்றாமல் குமாஸ்தா கழற்ற மாட்டார் அல்லவா?

இங்கே கத்திரி வெயிலிலும் விற்பனைப் பிரதிநிதிக்கு டை கட்டாயம் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த விதியை எழுதும் மனிதவளப் பிரிவுக்குக் கரண்ட் பில்லை யாரும் அனுப்புவதில்லை.